துடைத்து வைத்த வீடு

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பளிச்சக்கா என்றால்தான் திரும்புவாள். அரசு மருத்துவமனையில் துப்புரவு வேலை. அவள் துடைத்துவிட்டுப் போன வராந்தாவில் பெரிய டாக்டரே காலைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் நடப்பார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் உட்காருவாளா என்றால் அதுவும் கிடையாது, மறுபடி வீட்டைத் துடைப்பாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள்தான் வெள்ளம் ஜன்னல் உயரத்துக்குப் புகுந்து, சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது.

தண்ணீர் வடிந்த அன்றே நாத்தனார் வந்தாள். வந்தவள் ஒரு வாளி சேறாவது அள்ளினாளா? ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணன் வீட்டப் பாருங்க, எப்படிக் கிடக்குன்னு பாருங்க" என்று அறை அறையாக வீடியோ எடுத்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள். சேற்றில் குப்புற விழுந்த பீரோ, அதிலிருந்து வெளியே தொங்கிய உள்பாவாடை, ஒன்றையும் விடவில்லை. பளிச்சக்காவின் மானம் கப்பலேறியது. பெரிய சண்டை போட்டாள். அதோடு பேச்சு நின்றது.

வெள்ளத்தில் கெட்டுப்போன வீடுகளைச் சரிசெய்ய அரசாங்கம் உதவித்தொகை தருவதாக அறிவித்தபோது பளிச்சக்காவும் விண்ணப்பித்தாள். பார்வையிட அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்ததுதான் தாமதம், அவளுக்குக் கை பரபரத்தது. வெளியாள் வரும்போது வீடு இந்தக் கோலத்திலா கிடப்பது? சேற்றை வழித்தெடுத்தாள். சுவரில் தண்ணீர் நின்ற கறையைத் தேய்த்தாள், போகாத இடத்தில் வெள்ளையடித்தாள். ஊறி உப்பிய கதவை மறைத்து, துவைத்த திரையைத் தொங்கவிட்டாள். பூஞ்சை வாடைக்கு ஃபினாயில். அதிகாரி வந்து சுற்றிப் பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்ன சொல்ல, கெட்டிக்காரத்தனம் போகிற போக்கு அப்படி.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று கடிதம் வந்தது. முதல் வரியைப் படித்ததுமே மடித்து அலமாரியில் செருகிவிட்டாள். அவள் கணவர் பஸ் டிரைவர், மூச்சிரைப்புக்காரர். அந்த ஈரச் சுவர்களுக்கு நடுவே படுத்தால் விடிவதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டியிருந்தது. அதனால் டிப்போ ஓய்வறையிலேயே படுத்துக்கொண்டார். பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசினால்தான் அவர் திரும்பி வர முடியும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். உதவித்தொகையை விட்டால் அதற்கு வேறு வழியில்லை. பிள்ளை இல்லாத வீடு. அவரும் இல்லாததில் பேச்சுச் சத்தமே அற்றுப்போய், பாத்திரம் உருளும் சத்தம்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"முழுசாப் படிச்சியா?" என்று ஃபோனில் கேட்டார் கணவர்.

"படிக்க என்னங்க இருக்கு? இல்லைன்னுட்டாங்க."

"ஏன் இல்லைன்னு எழுதியிருப்பாங்கல்ல? உதவி மையத்துல போய்க் கேளு."

உதவி மையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கடிதத்தைக் கடைசிவரை படித்தாள். "வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில இருக்குன்னு எழுதியிருக்காங்க. தடங்கல் இது ஒண்ணுதான்க்கா. மேல்முறையீடு பண்ணலாம், மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. என்னென்ன கெட்டுப்போச்சுன்னு கொத்தனார்கிட்ட எழுதி வாங்குங்க. உங்க வீட்டுக்காரருக்கு டாக்டர் சர்டிபிகேட் வாங்குங்க. தண்ணி வடிஞ்சப்ப எடுத்த படம் ஏதாவது இருக்கா?"

"அந்தக் கோலத்த யாராவது படம் எடுப்பாங்களா?" என்று கேட்டவள் அப்படியே நின்றாள். எடுத்தவள் ஒருத்தி இருக்கிறாளே.

நாத்தனாருக்கு ஃபோன் போட அவளுக்கு அரை நாள் பிடித்தது.

"சொல்லுங்க அண்ணி."

"அந்த வீடியோ இருக்கா?"

"அழிக்கச் சொல்லி அந்தக் குதி குதிச்சீங்களே. அழிச்சிட்டேன்."

"அய்யோ, நிஜமாவா?"

"என் ஃபோன்ல இல்ல. ஆனா சித்தப்பா வீட்ல, மாமா வீட்ல, அவங்க சம்பந்தி வீட்லன்னு எல்லார்கிட்டயும் இருக்கு. உங்களுக்கு எத்தன வேணும்?"

வெள்ளம் வந்த பிறகு பளிச்சக்கா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தபின், மறுபடி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. இந்தத் தடவை கை வைக்கக் கூடாது. தன்னைத் தானே நம்பாமல் நாத்தனாரை வரவழைத்தாள். வந்தவள் துடைப்பத்தையும் பக்கெட்டையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தாள். கதவுத் திரையைப் பளிச்சக்காவே கழற்றினாள்.

வந்தது வேறொரு அதிகாரி, ஒரு பெண். வெள்ளையடித்த சுவர் அதற்குள் பொரிந்திருந்தது. அவர் விரலால் அழுத்தியதும் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"இந்த வீட்ல குடியிருக்க முடியுதாம்மா?"

வீட்டுக்கு யார் வந்தாலும் எல்லாம் சௌகரியம் என்று சொல்லியே பழகிய வாய். "முடியலங்க," என்றாள். "இங்க படுத்தா என் வீட்டுக்காரருக்கு மூச்சு விட முடியல. அவர் டிப்போல கிடக்கிறாரு, நான் இங்க கிடக்கிறேன். இது இப்ப வீடே இல்லைங்க." சொல்லிவிட்டு அழுதாள். அத்தனை சேற்றை அள்ளியபோதுகூட அவள் அழவில்லை.

"முதல்லயே இதைச் சொல்லியிருக்கலாமேம்மா."

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எப்படிங்க இதையெல்லாம் சொல்றது?"

அதிகாரி பையிலிருந்து பேனாவை எடுத்து, நின்றபடியே நிறைய எழுதினார்.

அடுத்த கடிதத்தைப் பளிச்சக்கா கடைசி வரிவரை படித்தாள், இரண்டு தடவை. தொகை அனுமதிக்கப்பட்டிருந்தது. கொத்தனார் பூச்சை உடைத்து, புதிதாகப் பூசி, சுவரைக் காயவிட்டார்.

ஒரு மதிய நேரம், காலை ஷிப்டை முடித்துவிட்டுக் கணவர் பையோடு வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார், ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு வெறுந்தரையிலேயே படுத்துத் தூங்கிப்போனார். அவருடைய மூச்சு சீராக வந்து போவதைக் கேட்டுக்கொண்டே, மதிய ஷிப்டுக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நேரமாகியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.