சின்னபாப்பா பார்த்துக் கொடுத்த வேலி

செய்தி வந்தபோது நான் வேலூரில் மகள் வீட்டில், பல் மருத்துவரிடம் போகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சின்னபாப்பாவின் மூத்த மகன் பேசினான். "அம்மா காலைல எழுந்திரிக்கலீங்க சார்" என்றான். பஸ் மாறி மாறி நம் மலைக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பாதிப்பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். மீதிப்பேர் சின்னபாப்பாவின் ஆடுகளைத் தங்கள் நிலத்திலிருந்து விரட்டியவர்கள். ஆகவே ஆடுகளிலிருந்தே தொடங்குகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு என் மனைவி வீட்டைச் சுற்றிக் கத்தரியும் அவரையும் போட்டாள். முதல் காய் பறிக்கும் முன் ஒரே பிற்பகலில் அந்த ஆடுகள் தோட்டத்தை முடித்துவிட்டன. நான் சின்னபாப்பா வீட்டு வாசலுக்கே போய், நாலு பேர் எதிரில், கட்டி வளர்க்கத் தெரியாதவர்களுக்கு ஆடு எதற்கு என்று கேட்டேன். தப்புதான் சார் என்று மட்டும் சொன்னார். அந்தக் கோபத்தில்தான் வேலி போடத் துணிந்தேன்.

முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன் அல்லவா? அளவுகோல் வைத்துப் படம் வரைந்தேன். தேக்குக் கம்பங்கள், சம இடைவெளியில் நான்கு குறுக்குப் பலகைகள், மேலே வெள்ளை வண்ணம். புல்லுக்கட்டோடு போன சின்னபாப்பா கட்டை இறக்கிவைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"இன்னா சார், என் ஆட்டுக்கு ஏணி கட்றீங்களா?"

குறுக்குப் பலகை ஆட்டுக்குப் படிக்கட்டு; காலை வைத்து ஏறிவிடும். மரம் நெட்டுக்குத்தாக நிற்கவேண்டும் என்றார். தேக்கை வீட்டுக் கதவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். கம்பத்துக்குச் சவுக்கு, நடுவில் நிறுத்த மூங்கிலை நீளவாக்கில் பிளந்த பிளாச்சு. சவுக்கை நடும் முன் மண்ணுக்குள் போகும் முனையைத் தீயில் கருக்கிக் கொடுத்தார், கரையான் அண்டாமல் இருக்க.

பிளாச்சுகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது? நான் அங்குலத்தில் சொன்னேன். அவர் போய், பிறந்து பத்து நாள் ஆன குட்டி ஒன்றைத் தூக்கிவந்தார். என்னை இரண்டு பிளாச்சுகளைப் பிடிக்கச் சொல்லி, அதன் தலையை நடுவில் நுழைத்துப் பார்த்தார். "தல போற எடத்துல ஒடம்பும் போய்டும் சார்" என்று ஒரு விரல் அளவு நெருக்கிவிட்டார். அளவு எங்கிருந்து வரவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் எந்த வகுப்பிலும் காட்டியதில்லை.

கம்பங்களுக்கு இடையில் கிளுவை மரத்தில் வெட்டிய போத்துக் கிளைகளையும் நடச் சொன்னார். சவுக்கு இற்றுப்போகும்போது கிளுவை வேர்பிடித்து மரமாக நிற்கும். ஆனால் கிளுவைத் தழை என்றால் ஆட்டுக்கு உயிராயிற்றே என்றேன். "உங்களுக்கு வேலி, எனக்குத் தழை. ரெண்டு பேருக்கும் நட்டமில்ல" என்று சிரித்தார். வாசலில் நான் பேசிய பேச்சை அவர் ஒருநாளும் எடுக்கவில்லை.

வேலி முடிந்து ஒரு வாரம் இருக்கும். விடிந்ததும் சாலையோரம் யாரோ விந்தி விந்தி நடந்து போவதைக் கண்டேன். சின்னபாப்பா. தம் சாமை நிலத்துக்கு அவர் போகும் வழி எங்கள் தோட்டத்தின் ஓரமாகத்தான் இருந்தது. அதை நான் அடைத்துவிட்டேன். மூட்டு வலியோடு சாலையைச் சுற்றிக்கொண்டு போகிறார். கம்பத்துக்குக் குழி தோண்டிய நாளிலேயே அவருக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்துதான் குட்டியைத் தூக்கிவந்து அளவு பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"கேட்டா நீங்க மாட்டேன்னு சொல்ல மாட்டீங்க சார், வேலிய அரகொறையா விட்டுடுவீங்க. அதான் கேக்கல."

அன்றே இரண்டு கம்பங்களுக்கு நடுவே பிளாச்சைப் பிரித்து, மூங்கில் படல் ஒன்றைக் கதவாகக் கட்டினேன். காலையும் மாலையும் அதன் வழியே போனார். ஒரு நாள்கூடப் படல் கயிற்றைக் கட்டாமல் போனதில்லை. என் மனைவி இறந்த வருடம், படலருகே நின்று சாப்பிட்டேனா என்று கேட்பார். பதில் வரும்வரை நகரமாட்டார். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். மறுநாள் சாமைச் சோறு வரும்.

அடக்கத்துக்கு மறுநாள் அவர் மகன் வந்தான். "அந்தப் படல எடுத்துட்டு அடச்சிக்கிறீங்களா சார்? அம்மாவுக்காகத்தான வச்சீங்க" என்று கேட்டான். நீங்கள் யாரும் அந்த வழியில் போகமாட்டீர்களா என்று திருப்பிக் கேட்டேன். வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போனான். எதையும் அடைக்கும் முன் அங்கே நடப்பவர் யார் என்று நானே போய்க் கேட்கவேண்டும். சின்னபாப்பாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். இந்தமுறை முதலில் கேட்டுவிட்டேன்.

பதில் மூன்றாம் நாள் விடியலில் வந்தது. அவர் மருமகள் தலையில் கூடையோடு படலைத் திறந்து உள்ளே வந்தாள், கயிற்றைக் கட்டினாள், என்னிடம் ஒன்றும் கேட்காமல் நிலத்துக்குப் போனாள்.