இங்கிலிஷ் காயும் நம்ம காயும்

மரக்கறி வியாபாரத்தில் முதல் நட்டம் பெருவிரல் நகத்தால் வருவது. மழையையும் வெயிலையும் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போஞ்சி முற்றிவிட்டதா என்று ஒரு நகம், நோக்கோல் நார் பிடித்திருக்கிறதா என்று ஒரு நகம், முள்ளங்கி தோலில் ஒரு நகம். பார்த்தவர் வாங்கிக்கொண்டு போனால் சரி. பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவார். மத்தியானத்துக்குள் காயெல்லாம் பிறை பிறையாகத் தழும்பு ஏறிக் கறுத்துவிடும். சந்தையில் சாக்கு விரித்துக் குந்தியிருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் காயிலும் அந்தப் பிறைகள் விழுந்திருக்கும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த காலத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், செடியின் தலையைக் கழிக்கிற கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி இடது கையில் இறங்கி, விரல்கள் மடங்காமல் போயின. வேலைக்கு ஆகாதவன் என்று தோட்டத்தில் என் பேரை வெட்டிவிட்டார்கள். மனைவி பாக்கியம் கொழுந்து பறித்தாள். அவள் பேர் இருந்ததால் லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பராவும், லயத்துக்குப் பின்னால் சரிவில் கிடந்த ஒரு துண்டுக் கொல்லையும் எங்களிடம் தங்கின. அவள் பேர் போனால் இரண்டும் போய்விடும். அந்தக் கொல்லையில் அவள் நட்டதை நான் ஹட்டன் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றேன். எங்கள் பிழைப்பு அதுதான்.

கொழும்பு லொறி

அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவரின் மனைவி, யாழ்ப்பாணத்து அம்மா, சனிக்கிழமை தவறாமல் சந்தைக்கு வருவார். பிரம்புக் கூடை, நல்ல நீளமான நகம். ஒருநாள் என் போஞ்சியில் நாலைந்தை எடுத்து ஒடித்துப் பார்த்தார். டக்கென்று ஒடிந்தது. முகம் மலர்ந்து, "எங்கத்தையக் காய்?" என்று கேட்டார்.

"எங்க லயத்துக் கொல்லைங்கம்மா. விடியக்காலையில எங்க வீட்டுக்காரி பறிச்சது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் ஒடித்ததைக் குவியலிலேயே போட்டுவிட்டு, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "லயத்துக் காயோ? கொழும்பு லொறியிலை வந்தது இல்லையோ?" என்றபடி அடுத்த கடைக்குப் போனார். அங்கே இருந்த போஞ்சி மலையில் விளைந்து, கொழும்புக்குப் போய், விலைபோகாமல் அதே லொறியில் திரும்பி வந்தது. வாடிப்போயிருந்தது. அதைப் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள்.

என் மறுபக்கம் கருவாடு விற்ற முஸ்லிம் நானா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது: "நீங்க எதுக்கு மனுசன் உண்மைய சொல்றீங்க? கொழும்புச் சந்தையில போய் நிண்டு பாருங்க, அங்க எல்லாரும் ஹட்டன் காய் இருக்கா எண்டுதான் கேக்குறாங்க."

மாமியார் வீடு

கரட், லீக்ஸ், பீட்ரூட், முட்டைக்கோஸ் என்கிற கோவா எல்லாவற்றுக்கும் லயத்தில் ஒரே பேர், இங்கிலிஷ் காய். துரைமார் கொண்டுவந்த விதை, துரைமார் மேசைக்குப் போகிற காய். கத்தரி, முருங்கை, வெண்டி இவையெல்லாம் நம்ம காய். நம்ம காய் ஒன்றும் எங்கள் குளிரில் விளையாது. கீழேயிருந்து ரயிலேறி வதங்கி வரும். இருந்தாலும் சம்பள நாளில் அதைத்தான் தேடி வருவார்கள்.

பக்கத்துக் காம்பரா கருப்பையா பாக்கியத்தைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அதனால் நான் அவருக்கு மச்சான். சந்தைக்கு வந்தால் என் கரட்டைக் காலால் ஒதுக்காத குறை. "மண்ணுக்கடியில வெளையற செவப்பெல்லாம் தொரைக்கு, மச்சான். நம்ம காய் குடு" என்பார். ஒருமுறை திருச்சிப் பக்கம் போய்வந்த உறவுக்காரரிடம் கத்தரி விதை வாங்கி, லயத்தோரம் போட்டார். குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். செடி வளர்ந்தது, ஊதாப் பூவும் விட்டது. பிறகு மூடுபனி இறங்கியது. பூவெல்லாம் ஈரத்தில் கொட்டிப் போயின. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

கருப்பையா செடியின் முன் குந்தியபடி, "நம்ம காய்க்கு இந்த ஊரு புடிக்கல, தங்கச்சி" என்றார். பாக்கியம் கொல்லையில் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். அவள் சொன்னது: "கரட்டுக்கு மட்டும் இது என்ன மாமியா வீடாண்ணே? வந்த எடத்தப் புடிச்சுக்கிட்டு வெளையல?"

வேர் மோந்தது

துரை பங்களாச் சமையற்காரர் என்னிடம் இரகசியமாகக் காய் வாங்குவார். பங்களாத் தோட்டத்துக் கரட் கல்லில் முட்டி இரண்டு கால் மூன்று கால் என்று கிளைத்துப் போனதால் மேசையில் வைக்க முடியவில்லையாம். பாக்கியத்தின் கரட் விரல் மாதிரி நேராக இருக்கும். கொழுந்து பறித்துவிட்டு வந்து, இருட்டும்வரை அந்தச் சரிவில் கல் பொறுக்குவாள். துரை சாப்பிட்டுவிட்டு, எங்கே விளைந்தது என்று கேட்டிருக்கிறார். சமையற்காரர் பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து நின்றார். தேயிலைக்குப் போடுகிற உரத்தைத் திருடிப் போட்டிருக்கிறோம் என்பது அவர் கட்சி. "ஆட்டுப் புழுக்கைங்கய்யா, வேற ஒண்ணும் இல்லைங்கய்யா" என்று பாக்கியம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் ஒரு கோவாவை வேரோடு பிடுங்கச் சொல்லி, குனிந்து வேரை மோந்து பார்த்தார். ஆட்டுப் புழுக்கை வாசம்தான் அடித்திருக்கும். தும்மினார். எங்கள் இருவருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. கொல்லை போய்விடுமோ என்ற பயத்தில், பிடுங்கிய குழியை நான் காலால் மூடிக்கொண்டிருந்தேன்.

கண்டாக்கையா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "நெலம் தோட்டத்துக்குச் சொந்தம், நெனப்பிருக்கட்டும். இன்னும் நல்லா சோதிச்சுப் பாக்கணும், பெருசா நாலு புடுங்கி என் வூட்டுக்கு அனுப்பு."

அதன்பிறகு கோவா முற்றும்போதெல்லாம் அவர் சோதித்துக்கொண்டுதான் இருந்தார்.

எந்த ஊர்

சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள், அதைக் கேட்டு எழுதிப் போட்டிருந்தோம். வெகுகாலம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பாக்கியம் கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த ஐயா சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார்.

"ஊர் எது?"

பாக்கியம் தோட்டத்துப் பேரைச் சொன்னாள்.

"அது வேலை செய்யுற எடம். சொந்த ஊர் எது?"

"அங்கதாங்க பொறந்தேன். எங்கம்மாவும் அங்கதான். எங்க கொல்லைக்கு மேல இருக்கே, அந்த லயம்."

"அம்மா பொறந்ததுக்கு அத்தாட்சி இருக்கா?"

அவளுடைய அம்மா பிறந்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் தேயிலைக்கடியில் இருந்தார்கள். முடிவு பிறகு வரும் என்று அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது பாக்கியம் கலியாணச் சேலையின் மடிப்பை நீவிக்கொண்டே வந்தாள். கினிகத்தேனை தாண்டியதும், "பீட்ரூட்டுக்குத் தண்ணி ஊத்தலியே" என்றாள்.

சில வாரம் கழித்து அந்த ஐயாவே ஹட்டன் சந்தைக்கு வந்தார். உறவினர் வீட்டுக்குப் போகிற வழியாம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனை முகத்தைத்தான் அவர் நினைவில் வைத்திருப்பார். லீக்ஸ் கட்டைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார்: "இது இந்த ஊர்ல வெளைஞ்சதுதானே? வெளியூர் மரக்கறி எனக்கு வாணாம்."

நல்ல கட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

ஒலிபெருக்கி

பிறகு கப்பலில் வருகிற சாமான் குறைந்த காலம் வந்தது. கூரையில் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று ஹட்டன் கடைவீதியில் சிங்களத்திலும் தமிழிலும் கத்திக்கொண்டு போனது. உள்நாட்டில் விளைந்ததையே வாங்குங்கள், உள்நாட்டில் விளைந்ததையே உண்ணுங்கள். அதுவரை கொழும்பு லொறியைச் சுற்றி நின்ற கூட்டம் என் சாக்கைத் தேடி வந்தது. பாக்கியம் கொல்லையின் ஓரத்தில் உருளைக்கிழங்கும் நட்டாள்.

கார் சந்தையைக் கடந்துபோகும்வரை நானா தராசைக் கையில் பிடித்தபடியே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னது: "அப்ப இவ்வளவு நாளும் நீங்க வித்தது சீமைக் காயா, மனுசன்?"

நல்லது சந்தைக்கு

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நல்லது சந்தைக்கு, இலை வீட்டுக்கு. முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை, கோவாவின் வெளி மடல், லீக்ஸின் பச்சை நுனி. இவற்றைத்தான் பாக்கியம் சுண்டி, கோதுமை மா ரொட்டியோடு வைப்பாள். அவள் ஒரு முழுக் கரட்டைக் கடித்து நான் பார்த்ததில்லை. மரக்கறி விற்ற வீடுகளில் எல்லாம் இதே கதைதான் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு ஆடி மாதம், விடாத மழை. அவளுக்கு இருமல் பிடித்துக் காய்ச்சலாயிற்று. வீட்டில் இரு என்றேன். "காலையில பெரட்டுக்குப் போய் பேரு குடுக்காட்டி பேரு போகும். பேரு போனா கொல்லை போகும். கெழங்கு இப்பத்தான் பூ விட்டிருக்கு" என்று கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள். நனைந்து வந்தாள். மறுநாளும் போனாள். தேயிலை நிரையிலேயே விழுந்தபிறகு கருப்பையாவும் இன்னும் சிலரும் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

டாக்டர் நல்ல மனிதர். கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார். கொழுந்துக் கறை ஏறிய அவள் நகத்தில் அவருக்கு என்ன தெரிந்ததோ. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, உடம்பில் இரத்தமே இல்லை என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கரட், பீட்ரூட் மாதிரி மரக்கறி நிறையக் குடுக்கணும். அதெல்லாம் உங்க பக்கத்துல கிடைக்குமா?"

கிடைக்கும் என்றேன்.

கொல்லையிலிருந்து நல்ல கரட்டாகப் பிடுங்கி, அவித்து மசித்துக் கொண்டுபோனேன். பாக்கியம் இரண்டு வாய் வாங்கினாள். "இனிக்குதே" என்றாள். ஏதோ முதல்முறை கேள்விப்பட்டதுபோல. மீதியை மூடி வைக்கச் சொன்னாள். மறுநாள் காலையில் நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது. கிண்ணம் மூடியபடி இருந்தது.

நம்ம காய்

அவளை மேட்டு மலையில், அவளுடைய அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். கருமாதி முடிந்ததும் கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்தார். அவருக்கும் சங்கடம்தான். தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார். "நட்டத தோண்டிக்கங்க. பெறகு காம்பராவ வுட்டுருங்க. பேரு இல்லாதவங்களுக்கு எடம் இல்லேன்னு மேல சொல்றாங்க."

கிழங்கைத் தோண்டினேன். கடைசியாக விதைத்த கரட் முளைவிட்டு ஒரு விரல் உயரம்தான் இருந்தது. அதை என்ன செய்வது? அப்படியே விட்டுவிட்டு ஹட்டனுக்கு வந்தேன். நானா தன் கடைக்குப் பின்னால் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பாய் போட இடம் கொடுத்தார். கொழும்பு லொறிக் காயை வாங்கி விற்கத் தொடங்கினேன். கொல்லையைக் கருப்பையாவின் மருமகள் பேருக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கருப்பையா கத்தரி போடுவார், மூடுபனிக்குக் கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சந்தைக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை அவர் ஒரு சாக்கைத் தோளில் சுமந்து வந்து என் முன்னால் இறக்கினார். அவிழ்த்தார். கரட். மண் காயாத, விரல் மாதிரி நேரான கரட்.

"தங்கச்சி போட்ட பாத்தி, மச்சான். களை எடுத்துக் கல்லு பொறுக்கினேன், அவ்வளவுதான். நீங்க வித்தாத்தான் சரியா வரும்னு மருமவ சொல்லிச்சு."

லொறிக் காயை ஒருபக்கம் தள்ளிவிட்டு இடம் பண்ணினேன். அந்த யாழ்ப்பாணத்து அம்மா பிரம்புக் கூடையோடு வந்து குனிந்தார். ஒரு கரட்டை எடுத்தார், பெருவிரல் எழுந்தது. "எங்கத்தையக் காய்?" என்றார். நான் குனிந்து சாக்கின் ஓரத்தைச் சரிசெய்தேன். பதிலைக் கருப்பையாதான் சொன்னார்: "நம்ம காய்ங்கம்மா. நகம் வைக்காம எடுங்க."

இவ்வளவு காலம் விற்றதில் கரட்டை இந்த ஊர்க் காய் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், அதை நட்டவள் எந்த ஊர் என்பது மட்டும் இன்னும் விசாரணையில் இருக்கிறது.