நோய் இல்லை, வருத்தம்தான்

என் அம்மாவைப் பொய்க்காரி என்று எழுத்தில் அறிவித்தது ஒரு காப்புறுதிக் கம்பனி. அந்தக் கடிதத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை. அம்மாவில் கோபம் வரும்போது எடுத்து வாசிப்பேன். பாதியிலேயே சிரிப்பு வந்துவிடும்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் இருந்தோம். நானும் அம்மாவும் மட்டும்தான். தம்பி ஒரு குளிர் நாட்டுக்குப் போய் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தான். சண்டைக் காலம். வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிய வேண்டும். சந்திக்குச் சந்தி அடையாள அட்டை காட்ட வேண்டும். இதற்கெல்லாம் அம்மாவிடம் ஒரே சட்டம் இருந்தது: "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. அதுக்கு மேலை ஒரு சொல்லும் கதைக்கப்படாது." எந்த ஊர் என்று கேட்டால் ஊரைச் சொல்வார். ஏன் வந்தாய் என்றும் கேட்டால்தான் காரணம் வரும். இந்தச் சட்டத்தால் எங்களுக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை, காப்புறுதி வரும்வரைக்கும்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சரக்குக் கந்தோரில் கிளார்க்காக இருந்தேன். வேலை செய்பவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி தரப்போகிறோம், வீட்டில் ஒருவரையும் சேர்க்கலாம் என்று கந்தோரில் அறிவித்தார்கள். கம்பனியிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் படிவத்தோடு வீட்டுக்கே வந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்து, தானே நிரப்பினார். "உங்களுக்கு ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா?" என்று ஒரு கேள்வி. "இல்லை" என்று தாள் பள்ளம் விழும்படி அழுத்தி எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

ஏனென்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் நோய் என்பது குஷ்டம், கசம் மாதிரி ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற விஷயம். மற்றதெல்லாம் வருத்தம். சீனி வருத்தம், பிரஷர் வருத்தம், மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம். முதல் இரண்டும் அம்மாவுக்கு இருந்தன. மூன்றாவது சின்ன வயதிலிருந்தே தம்பிக்கு.

பளபளவென்று ஒரு காட் வந்தது. அம்மா அதை அடையாள அட்டையோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்தார். ஒருநாள் சந்தியில் மறித்த ஆமிக்காரனிடம் அவசரத்தில் காப்புறுதிக் காட்டை நீட்டிவிட்டார். அவன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். படம் இல்லாத காட்டையும் அம்மாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஹரி அம்மே, யன்ன" என்று போகச் சொன்னான். "பாத்தியே பிள்ளை, காட்டின்ரை மதிப்பை!" என்றார் அம்மா. அன்றிலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு முகம் சுளித்தது. இத்தனைக்கும் நானும் தம்பியும் அப்படியொரு ஆஸ்பத்திரியில்தான் பிறந்தோம், ஒரு சதமும் கட்டாமல். "சும்மா தாற மருந்து சும்மாதான் கிடக்கும்" என்று மேல்வீட்டு மாமிக்கு விளக்கம் வேறு கொடுத்தார்.

ஒரு வருடம் கழித்து அம்மாவின் கண்களில் வெண்புரை படர்ந்தது. கதவில் தொங்கிய என் மழைக்கோட்டை மேல்வீட்டு மாமி என்று நினைத்து, "ஏன் நிக்கிறியள், இருங்கோவன்" என்று உபசரித்தார். கோட் வந்து கதிரையில் இருக்கவில்லை என்று கோபமும் பட்டார். அதுவரை சிரிப்புத்தான். ஆனால் தம்பியின் கடிதங்களை அவரால் வாசிக்க முடியாமல் போனது. நான் வாசித்துக் காட்டினேன்.

அம்மாவுக்குக் கண் தெரிவதில்லை என்று நான் எழுதிய பிறகுதான் தம்பி மனம் விட்டு எழுதத் தொடங்கினான். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். குளிருக்கு முட்டு இழுக்கிறது. அந்த நாட்டு வைத்தியக் காட் இன்னும் கிடைக்கவில்லை, அதனால் டொக்டரிடம் போகவில்லை. "இதை அம்மாவுக்கு வாசிக்காதே." நான் வாசிக்கவில்லை. அந்த வரிகளுக்குப் பதிலாகப் பனி கொட்டுகிற அழகையும் ஒரு நல்ல முதலாளியையும் சொந்தமாகச் சேர்த்தேன். முடிவில் அம்மா தவறாமல் கேட்பார்: "அவனுக்கு வருத்தம் ஒண்டும் இல்லையே?" "இல்லையம்மா" என்பேன். கடிதம் பிஸ்கட் டின்னுக்குள் போகும்.

"எனக்குக் கண் வேணும் பிள்ளை" என்றார் ஒருநாள். "நீ வாசிக்கேக்கை அவன்ரை குரல் வருகுதில்லை. ரேடியோச் செய்தி மாதிரிக் கிடக்கு. அவன்ரை எழுத்தை நான் பாக்கவேணும்." கண் வந்தால் நான் வாசிக்காமல் விட்டதெல்லாம் வெளியில் வந்துவிடும். ஆனாலும் அம்மாவின் கண்ணல்லவா.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கண் டொக்டரைச் சனல் பண்ணினோம். முன்கூட்டியே நம்பர் எடுத்து டொக்டரைக் காண்பதற்குக் கொழும்பில் அதுதான் பெயர். அம்மா பட்டுச் சேலையில் வந்தார். குளிரூட்டிய அறையில் டொக்டர் இரத்தச் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு காலமாச் சீனி?" என்று கேட்டார். கேட்டால் மறுமொழி சொல்ல வேண்டுமே. "பதினேழு வருசம் டொக்டர்!" என்றார் அம்மா, சேவைக்காலம் சொல்கிற தலைமை ஆசிரியை மாதிரி. டொக்டர் அதைக் கம்பனித் தாளில் அப்படியே எழுதினார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது: உண்மையை மறைத்தபடியால் காப்புறுதி ரத்து.

கழுத்துப்பட்டிக்காரரை அம்மா வீட்டுக்கு வரவழைத்தார். பாவம், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த மனுசன், அவர் பேச்சு வேறு.

"தம்பி, நான் என்னத்தை மறைச்சனான்? நோய் இருக்கோ எண்டு கேட்டியள். இல்லை எண்டனான். வருத்தம் இருக்கோ எண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

அவர் திகைத்துப்போனார். "வருத்தத்தை எல்லாம் நாங்க ஏன்மா கேக்கப் போறோம்? மனசு வருத்தத்துக்கு இன்சூரன்ஸ் இல்லீங்களே."

"மனசிலை ஆருக்கு வருத்தம்? எனக்கு இரத்தத்திலை எல்லோ வருத்தம்!"

அவர் என்னைப் பார்த்தார். நான் யன்னலால் கடலைப் பார்த்தேன். தேத்தண்ணீரைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் அரசாங்கக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். மருதானையில் ஒரு அலுவல் என்று மேல்வீட்டு மாமிக்குச் சொல்லிவிட்டு, அம்மா நூல் சேலையில் புறப்பட்டார். வாங்கில் இருக்க இடமில்லாமல் சனம். எங்கள் முறை வந்தபோது ஒரு சிங்களத் தாதி பேனையை எடுத்து, தனக்குத் தெரிந்த தமிழைச் சிங்களத்தோடு குழைத்துக் கேட்டார்: "அம்மா, மொகக்த வருத்தம்?" என்ன வருத்தம் என்றுதான்.

அம்மா என் கையைப் பிடித்து நசித்தார். "பாத்தியே! இவைக்குக் கேக்கத் தெரியுது!"

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. சீனி, பிரஷர், முழங்கால், வாய்வு, சுடுதண்ணீர் பட்ட பழைய பெருவிரல். நான் சிங்களத்தில் சொல்லச் சொல்லத் தாதி எழுதினார். தாளில் இடம் முடிந்தது. மறுபக்கம் திருப்பி எழுதினார்.

உள்ளே போனால் அதே டொக்டர். பின்னேரம் அங்கே, காலையில் இங்கே. "போன மாசம் பட்டுச் சேலையில வந்த அம்மாதானே?" என்று சிரித்தார். சீனியைக் குறைக்க வைத்து, அதே கையால் கண்ணை வெட்டிப் புரையை எடுத்து, அதே சிரிப்போடு வீட்டுக்கு அனுப்பினார். பில் என்று ஒரு துண்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா மழைக்கோட்டை முறைத்துப் பார்த்து, "நீயோ இது?" என்றார்.

புதுக் கண்ணாடி வந்த அன்று நான் வேலையால் வந்து கதவைத் திறந்தேன். மேசையில் பிஸ்கட் டின் திறந்திருந்தது. கடிதங்கள் திகதிப்படி அடுக்கியிருந்தன.

"அவனுக்கு முட்டு இழுக்குதாம்" என்றார் அம்மா.

நான் மேலே கிடந்த கடிதத்தை எடுக்கப் போக, அம்மா அதன்மேல் கையை வைத்தார்.

"ஒவ்வொரு முறையும் கேட்டனான். நோய் எண்டு கேக்கேல்லை, வருத்தம் எண்டுதான் கேட்டனான். என்னட்டைத் தப்ப உனக்கு வழியில்லை. உண்மையை மறைச்சபடியால் உன்ரை காட் ரத்து."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அவருடைய கண்கள் சிவந்திருந்தது வெட்டினதால் அல்ல என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

அவர் முன்னால் ஒரு வான்கடிதம் விரித்திருந்தது. நலம், நலமறிய ஆவல் என்று எப்போதும் தொடங்குகிறவர், இந்தமுறை அதை எழுதவில்லை. கோணல்மாணலான பெரிய எழுத்தில் இவ்வளவுதான் இருந்தது:

"மகனே, உனக்கு என்ன வருத்தம்? ஒண்டும் விடாமல் எழுது. இடம் காணாட்டில் மறுபக்கத்திலும் எழுது."