வயர் போடாத பொத்தான்

இது கட்டுக்கதை இல்லை. என் பட்டறையில், என் கண் முன்னால் நடந்தது. நம்பாதவர்கள் வந்து தரையில் இருக்கிற கீறலைப் பார்த்துவிட்டுப் போகலாம். நடுராத்திரி, நாய் ஊளை, பாழடைந்த பங்களா எதுவும் இதில் கிடையாது. சாயங்காலம் ஆறே முக்கால் மணி. மேலே டியூப் லைட், பக்கத்து வீட்டில் டிவி சத்தம். அதற்கு நடுவில்தான் நடந்தது.

இன்றைக்கும் அதை நினைத்தால் பயம் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது ஆத்திரம்.

நான் அலமாரி செய்கிறவன். வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். என் அக்கா வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வாடிக்கையாளர்கள் போன் போட்டுத் திட்டுவார்களே, அதைக் கேட்டுக்கொள்ள வரிசையாக ஆட்களை உட்கார வைத்திருக்கும் கம்பெனி. ஒருநாள் அவர் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"மாப்ள, ஆபிஸ்ல கழிச்சுப் போட்டது. இத வச்சு ஒரு கேம் மெஷின் செஞ்சு குடு. சின்ன வயசுல கடையில காசு போட்டு ஆடுவோமே, அந்த மாதிரி. எங்க வீட்டு ஹால்ல வைக்கணும்."

'குடு' என்றால் சும்மா குடு என்று அர்த்தம். என் கல்யாணத்துக்கு வந்ததையே எனக்குச் செய்த உபகாரமாகச் சொல்லிக் காட்டுகிற மனிதர் அவர். முடியாது என்று சொல்லியிருப்பேன். சொன்னால் அது அக்கா தலையில்தான் விடியும். நாள் கணக்கில் பேசாமல் இருந்தே அவளை வதைப்பார். அக்காவின் நிம்மதிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

பிளைவுட்டில் ஆள் உயரத்துக்குப் பெட்டி அறுத்தேன். மானிட்டரைக் கொஞ்சம் சாய்த்துப் பொருத்தினேன். கம்ப்யூட்டர் அடித்தட்டில். சுவிட்சைப் போட்டால் நேராக கேம் வருகிற மாதிரி செய்துவிட்டேன். பொத்தான்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு குட்டி போர்டு வேண்டும். இரண்டு பேர் ஆடுவதென்றால் இரண்டு போர்டு. மச்சான் ஒன்றுதான் வாங்கி வந்தார்.

"என்கூட ஆட எவன் வரப்போறான்? ரெண்டாவது பக்கத்த சும்மா அழகுக்கு வை."

வைத்தேன். இடது பக்கம் எல்லாம் வேலை செய்யும். வலது பக்கமும் அதே மாதிரி ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பொத்தான்கள், ஆட்டத்தை நிறுத்தி வைக்க ஒரு சிவப்புப் பொத்தான். ஆனால் வலது பக்கத்தில் எதற்குமே வயர் கிடையாது. பலகையில் ஓட்டை போட்டுச் செருகியதோடு சரி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நான்தான் ஆடிப் பார்த்தேன். விமானம் சுடுகிற கேம். நாலு நிமிஷம் ஓடியிருக்கும், படக்கென்று நின்றது. கெட்டுப்போய் நிற்கவில்லை. யாரோ நிறுத்தி வைத்ததாகத் திரை காட்டியது. என் இரண்டு கையும் ஜாய்ஸ்டிக்கில்தான் இருந்தன.

வயர் லூஸாக இருக்கும் என்று என் பக்கத்துச் சிவப்புப் பொத்தானின் வயரையே பிடுங்கிப் போட்டேன். இனி எப்படி நிற்கும்?

மறுநாளும் நின்றது.

கம்ப்யூட்டரைத் திட்டினேன். அதைக் கொண்டுவந்தவரைத் திட்டினேன். பெட்டியை ஒரு உதை விட்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.

டக்... டக்... டக்.

வலது பக்கம். குனிந்து பார்த்தேன். வயர் போடாத அந்தச் சிவப்புப் பொத்தான் தானாக உள்ளே போய்... தானாக மேலே வந்தது. அதற்கு எதிரே போட்டிருந்த ஸ்டூல் ஒரு விரல் அளவு பின்னால் நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் யாரோ திரும்ப உட்கார்ந்தது போல இருந்தது.

வெளியே ஓடி வந்து மச்சானுக்குப் போன் போட்டேன்.

"இந்தக் கம்ப்யூட்டர் யாரோடது?"

"ஆபிஸோடது. வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லு மாப்ள."

ரத்தம் தலைக்கு ஏறியது. "நாளைக்கு நீங்களே வந்து ஆடிப் பாருங்க" என்றேன்.

வந்தார். ஆறே முக்கால். இடது பக்க ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டியைத் தட்டிப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு ஆட ஆரம்பித்தார். நான் வாசல் பக்கமே நின்றேன்.

நாலு நிமிஷம். ஆட்டம் நின்றது.

"என்ன வேல பாத்திருக்க நீ..."

டக்... டக்... டக்.

மச்சான் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அத நிறுத்து."

"அதுக்கு வயரே இல்ல மச்சான்."

டக்... டக்... டக்.

"நிறுத்துடா!"

பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே மின்விசிறி ஓய்ந்தது.

திரை அணையவில்லை.

வலது ஸ்டூல் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. க்ர்ர்ர்... நின்றது. க்ர்ர்ர்...

"மாப்ள... என்னால எந்திரிக்க முடியல."

கையைப் பிடித்து இழுத்தேன். ஆணி அடித்த மாதிரி இருந்தார். ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது.

"யாரு மச்சான் அது?"

"அந்தப் பொண்ணு..."

"என்ன வேணுமாம்?"

"பிரேக்... பிரேக் கேக்குறா."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. காலியான ஸ்டூலைப் பார்த்துக் கத்தினேன். "போம்மா. எந்திரிச்சுப் போ. இவர்கிட்ட என்னத்துக்குக் கேக்குற?"

ஸ்டூல் மல்லாந்து விழுந்தது.

திரை அணைந்தது.

பக்கத்து வீட்டு டிவி திரும்பக் கேட்டது. ஆனால் மச்சான் அப்படியே உட்கார்ந்திருந்தார். "எந்திரிங்க மச்சான்" என்று நான் சொன்ன பிறகுதான் எழுந்தார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டறைப் படியில் உட்கார்ந்து சொன்னார். அவர் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் இருக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டுமென்றால் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். தட்டினால் சூப்பர்வைசரின் கம்ப்யூட்டரில் 'டக்' என்று கேட்கும். அவர் சரி என்று அழுத்தினால்தான் எழலாம். தண்ணீர் குடிக்கவும் அதுதான் விதி. ஒரு பெண் நெஞ்சு வலி என்று மூன்று முறை தட்டிவிட்டுக் காத்திருந்தாள். திரும்ப மூன்று முறை. திரும்பவும்.

"நடிக்கிறான்னு நெனச்சேன் மாப்ள. கொஞ்ச நேரத்துல கீபோர்டு மேலயே சாஞ்சுட்டா."

"அப்பவாவது சரின்னு அழுத்துனீங்களா?"

"அழுத்துனேன்... ஆள் போனதுக்கு அப்புறம். பிரேக் குடுத்த மாதிரி பதிவாகணும்ல."

என் கையில் சுத்தியல் இருந்தது. அக்காவை நினைத்துக் கீழே வைத்தேன்.

"செத்தவ கம்ப்யூட்டரையா என் தலையில கட்டுனீங்க?"

"இல்ல. அவளோடது இன்னும் அங்கதான் இருக்கு. இது என்னோடது."

அவள் கேட்டதெல்லாம் வந்து சேர்ந்த இடம் இது. பதில் வராமல், இன்னும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அன்றைக்கே பெட்டியை உடைத்துப் போட்டேன். விட்டது சனியன் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"டேய், உன் மச்சானுக்கு என்னடா ஆச்சு? சாப்பிட்டு முடிச்சாலும் நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறார். மேசையைத் தட்டுறார். மூணு தட்டு. நான் 'எந்திரிங்க'ன்னு சொன்னாதான் எந்திரிக்கிறார்."

"விளையாடுறாரா?"

"அழறாருடா."

நல்லா வேணும் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"இன்னைக்கு நான் வெளிய போயிட்டு வர சாயங்காலம் ஆயிடுச்சு. காலையில உக்காந்த அதே இடத்துலயே இருக்கார். விரல் முட்டியெல்லாம் ரத்தம்." அக்கா குரல் உடைந்தது. "இனிமே நான் எங்கடா போறது? நான் தூங்கிட்டா யாருடா சொல்றது?"

 போனில், அவளுக்குப் பின்னால்...

டக்... டக்... டக்.

"இருங்க, வர்றேன்" என்று அங்கே குரல் கொடுத்துவிட்டு, அக்கா போனை வைத்துவிட்டாள்.