மதியம் வந்த ராங் நம்பர்

அப்பாவுக்குக் கைபேசி வந்தது 2004-இல். ஆகவே இது 2003 தசரா விடுமுறையாகத்தான் இருக்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து தெலுங்கு பேசும் ஹப்சிகுடாவுக்கு நாங்கள் குடிவந்த ஆண்டு. எனக்கு ஏழு வயது.

மதியமானால் வீட்டில் போன் அடிக்கும். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி ஓடுவாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, "அபவுட் வேண்டாங்க, டிஸ்கஸ் மட்டும் போதுங்க" என்பாள்.

யாரென்று கேட்டால், "ராங் நம்பர் கண்ணு."

ராங் நம்பரோடு இவ்வளவு நேரம் பேசுவார்களா? மரியாதையை வைத்தும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் பால்காரருக்கும் 'ங்க' உண்டு.

ஒருநாள் அம்மா மாடியில் துணி காயப்போடுகையில் நானே எடுத்தேன்.

"'ரிக்வெஸ்ட் ஃபார்'னு போடலாமா, கூடாதா? வெரசாச் சொல்லு, மேனேஜர் வந்துருவாரு!"

கச்சிபௌலி அலுவலகத்திலிருந்து அப்பா! "அப்பா?" என்றேன். போன் துண்டிக்கப்பட்டது.

வெளிநாட்டுக்குப் போகும் மெயிலில் தப்பு வந்தால் அப்பாவின் வேலை உறுதியாகாது, திரும்பவும் பொள்ளாச்சிதான் என்று வீட்டில் பேச்சு இருந்தது. நான் பிறக்கும்வரை இங்கிலீஷ் டீச்சராக இருந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். அவளிடம் கேட்பதற்கு எதற்கு ஒளிவுமறைவு? என் சந்தேகம் கூடத்தான் செய்தது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று மேனேஜர் வீட்டுக்கு வந்தார். தெலுங்குக்காரர். பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே ஆங்கிலத்தில் அப்பாவைக் கேட்டார்: "முதல் மாதம் உன் மெயிலைப் படித்தால் தலைவலி வரும். இப்போது பிரமாதம். யாரய்யா எழுதித் தருகிறார்கள்?" சிரித்தார்; கண் மட்டும் அம்மாவிடம் போயிற்று. "மேடம், நீங்கள்தானா?"

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அம்மா மேனேஜரைப் பார்த்து விழித்தாள். பிறகு அப்பாவிடம், "ஏனுங்க, என்ன சொல்றாரு இவரு? பஜ்ஜில உப்புப் பத்தலைங்களாமா?" என்றாள்.

மேனேஜர் சங்கடப்பட்டு, தெலுங்கில், "பஜ்ஜி சாலா பாகுந்தம்மா" என்று புகழ்ந்து இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டார்.

அம்மா டீச்சராக இருந்தது பொய், போனில் சொன்னதெல்லாம் குத்துமதிப்பு என்று அன்றே முடிவுகட்டினேன். அடுத்த வாரம் அப்பாவின் வேலை உறுதியானது. அது எப்படி என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.