கையில் கொடுத்த உப்பு

என் சமையலறைத் தட்டில் ஒரு பழைய ஜாம் போத்தல் இருக்கிறது. உள்ளே கால்வாசி கல்லுப்பு. கறிக்கு அதைத் தொடுவதில்லை. இந்த ஊர் ஈரத்தில் அது கசிந்து இறுகிவிடும். கரண்டிக் காம்பால் இடித்து உதிர்த்துவிட்டு மறுபடியும் மூடி வைப்பேன். வீட்டில் இன்னொரு மனுசர் இருந்தால் இதென்ன விசர் வேலை என்று கேட்டிருப்பார். கேட்க ஆளில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்து, மனோர் பார்க்கில் ஓர் அறையில் குடியிருந்தேன். வேலை ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில், சமையல். அங்கே ஓர் அமெரிக்க அம்மா இருந்தார். வெள்ளைக்காரி அல்லர், அமெரிக்கப் பாலைநிலத்தில் ஆடு மேய்த்த நவாஹோ பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஓர் ஆங்கிலேயரைக் கட்டி இங்கே வந்து, அவரையும் பறிகொடுத்து, கடைசியில் இல்லத்தின் ஜன்னலோரக் கதிரையில் வந்து அமர்ந்திருந்தார். எனக்காவது முருகன் கோயிலடிக்குப் போனால் "என்ன, கண்டு கனகாலம்" என்று கேட்க நாலு பேர் உண்டு. அவருடைய மொழியில் ஒரு வார்த்தை பேச லண்டன் முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்காது. சில நேரம் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துத் தன் மொழியில் தனக்குள் பேசுவார்.

அவருக்குத் துணையாக வந்து வாய்த்தவள் பிலிப்பைன்ஸ் நர்ஸ். எல்லோரும் அவளை சிஸ்டர் என்போம். அவள் என்னை 'குயா' என்பாள்; நாங்கள் அண்ணை என்பதுபோல. ஊருக்குப் போய்ப் பிள்ளையைப் பெற்று, பால்குடி மறக்க முன்னமே தன் தாயிடம் விட்டுவிட்டு ஷிப்டுக்குத் திரும்பியிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவளும் அமெரிக்க அம்மாவும் இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒருத்தி ஒரு பொருளைக் காட்டுவாள்; இருவரும் தங்கள் சொல்லைச் சொல்வார்கள். சிஸ்டர் மேசையைத் தட்டி 'மேசா' என்றதும் எனக்கு வாய் பொறுக்கவில்லை. "அது எங்கட சொல்லெல்லோ!" என்று குசினி வாசலில் நின்று கத்தினேன். அவளை ஆண்ட ஸ்பானியரும் எங்களை ஆண்ட போர்த்துக்கேயரும் விட்டுப்போன மிச்சம் அது. அமெரிக்க அம்மா எங்கள் இருவரையும் ஏளனமாகப் பார்த்தார். அவருடைய ஆட்கள் பிறமொழிச் சொல்லை இரவல் வாங்குவது குறைவாம். மேசைக்கு அவர்கள் சொல்வதன் பொருள், 'எதன்மேல் சாப்பிடுவார்களோ அது' என்பதாம். இவருடைய மொழியில் தண்ணீர் கேட்டு வாங்குவதற்குள் நா வறண்டு போகும் என்று நினைத்தேன். கேட்டால் அதற்கு ஒரே ஓர் எழுத்து: 'தோ'.

இருவர் சொற்களிலும் எதுவும் எதோடும் ஒட்டவில்லை. ஒருநாள் சிஸ்டர் உப்புச் சிமிழைத் தூக்கி 'அஸின்' என்றாள். அமெரிக்க அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கால் இழுத்து 'அஷீ' என்றார். உறவு ஒன்றும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்ட பிடியைப் பார்க்க வேண்டும்!

அன்றைக்குத்தான் சிஸ்டர் தன் பிள்ளையைப் பற்றி வாயைத் திறந்தாள். காலை இடைவேளையில் போன் கார்ட் போட்டு ஊருக்குப் பேசினாளாம். பிள்ளை முதன்முதலாய் வாய்விட்டுச் சிரித்ததாம்.

"யார் சிரிக்க வைத்தது?" என்றார் அமெரிக்க அம்மா.

"என் அம்மா. நான் போனில் கேட்டது மட்டும்தான்."

சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள். பிள்ளை தன்னைத் தாயென்று அறியாமலே வளர்ந்துவிடும் என்ற பயம் அவளை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது. அமெரிக்க அம்மா அவளை அழவிட்டு, பிறகு சொன்னார். அவர்கள் வழக்கத்தில், முதற்சிரிப்பில்தான் பிள்ளை மனிதரோடு சேர்கிறதாம். சிரிக்க வைத்தவர் விருந்து வைக்க வேண்டும். பிள்ளையின் கையைத் தாய் பிடித்து, வந்தவர் எல்லோருக்கும் உப்புக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது அள்ளிக் கொடுக்கிற மனுசியாக வளரும். "நாளைக்குச் செய்வோம். இந்தச் சிமிழ் உப்பு சரிவராது. கல்லாக இருக்க வேண்டும்."

அப்டன் பார்க்கில் எங்கள் ஆளின் கடைக்குப் போனேன். "அண்ணை, கல்லுப்பு இருக்கோ?"

"ஓம் இருக்கு. என்ன, ஊறுகாயோ?"

"இல்லை. ஒரு பிள்ளை சிரிச்சிட்டுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையை நீட்டினார்.

மறுநாள் நான் சோறும் கோழிக்கறியும் ஆக்கினேன். சிஸ்டர் உள்ளங்கையில் உப்பை வைத்து, மற்றக் கையால் காற்றைப் பிடித்தாள். பிள்ளையின் கை இருக்க வேண்டிய இடத்தை. முதலில் அமெரிக்க அம்மாவுக்குக் கொடுத்தாள். பிரஷர்காரி, உப்பு ஆகாது; ஒரே ஒரு கல்லை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்தது நான். என் கை தன்பாட்டில் பின்னால் போய்விட்டது. உப்பைக் கையில் வாங்கினால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் கீழே வைத்துத்தான் எடுப்போம். "மேசையில வை பிள்ளை, எடுக்கிறன்" என்று தமிழில் உளறினேன். சிஸ்டரின் முகம் வாடிப்போனது. "பிள்ளை கொடுப்பதை வாங்க மாட்டாயா?" என்று அமெரிக்க அம்மா அதட்டினார். வாங்கினேன். வெறும் கல்லுப்புக்கு என் கண் ஏன் கலங்கியது என்று தெரியவில்லை. பையில் மிஞ்சியதை ஒரு ஜாம் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அமெரிக்க அம்மா அடுத்த குளிரில் போய்ச் சேர்ந்தார். அவருடைய சொற்கள் எனக்கு இரண்டுதான் நினைவிருக்கின்றன. சிஸ்டர் வடக்கே வேறு ஊருக்கு மாறிப்போனாள். இந்த வருடம்தான், பத்து வயதில், விசா கிடைத்து அவளுடைய பிள்ளை வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து தாயை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, அம்மம்மாவைக் கேட்டுத்தான் அழுகிறாள் என்று சிஸ்டர் ஒருமுறை போனில் சொன்னாள். பிறகு அவளும் பேசவில்லை. நானும் கேட்கப் பயந்தேன்.

போன ஞாயிறு மத்தியானம் போன் அடித்தது.

"குயா, சிரித்துவிட்டாள்!"

சோறு அடிப்பிடித்துப் புகை அலாரம் கத்தியதாம். இவள் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினாளாம். துவாய் போய் அலாரத்தில் கொளுவிக்கொள்ள, பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

எனக்குக் கேட்க வேண்டிய கேள்வி தெரிந்திருந்தது. "யார் சிரிக்க வைத்தது?"

"நான். குயா, நான்தான்."

"அப்போ விருந்து நீதான் வைக்க வேண்டும்" என்றேன். வா என்றாள். வருகிறேன் என்றேன். போனை வைத்ததும் வீடு பழையபடி அமைதியாகிவிட்டது. ஜாம் போத்தலைத் திறந்து ஒரு கல்லை எடுத்து, வலக் கையால் என் இடக் கையில் வைத்தேன். சண்டை பிடிக்கவும் இங்கே வேறு ஆளில்லை.