மீன்தொட்டிக்கு ஓர் அஸ்திவாரம்

ஊரில் பாதி வீடுகளுக்கு அஸ்திவாரம் போட்ட மேஸ்திரி, தன் வீட்டுக் கடல்மீன் தொட்டியில் மட்டும் மணலைப் பரப்பி, அதன்மேல் பவளப்பாறைகளை அடுக்கிவிட்டார். உள்ளே விட்டதோ வளை தோண்டும் மீன். அது வாய் வாயாக மணலை அள்ளித் துப்பி, பாறையின் அடியையே குடைந்தது. பாறை சாய்ந்தது. இன்னும் நாலு வாய் அள்ளினால் மீனின் தலையிலேயே விழும்.

"ஏங்க, உங்க கொத்தனாரு இப்படிக் கட்டியிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி.

"இடிக்கச் சொல்லுவேன்."

"அப்ப இடிங்க. நான் வாளி பிடிக்கிறேன்."

மீனை வாளியில் குடிவைத்துவிட்டு, பாறைகளை அடிக்கண்ணாடியிலேயே அசையாமல் உட்காரவைத்து, சுற்றிலும் மணலை நிரப்பினார். திரும்பி வந்த மீன் நேரே பாறையடிக்குப் போய்த் தோண்டியது. பாறை அசையவில்லை.

மேஸ்திரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்படித் தோண்டிப் பாக்குற இன்ஜினீயரு எந்த சைட்டுக்கும் வந்ததில்லடி!"